உள்ளிழுத்த மூச்சு

எங்கள் ஊரில் 'ஆம்' என்பதை
மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வோம்.
யோ என்று,
கதவிடுக்கில் நுழையும் காற்றுபோல.
முதல்முறை கேட்கும் வெளிநாட்டார்
எங்களுக்கு எங்கோ அடிபட்டதென்று பதறுவார்கள்.

ஃபின்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு தீவு. நவம்பர்.
மூன்றரைக்கே இருட்டு.
கட்டி முடியாத அணு உலைக்குப் பக்கத்துக் கொட்டகையில்
எட்டுப் பேர், ஓர் ஒளிப்பெட்டி,
அதன்மேல் எக்ஸ்ரே படம்.
எலும்பல்ல, குழாய்.
உலையின் நெஞ்சிலிருந்து கொதிநீர் புறப்படும் இடத்தில்
போகுமிவ் பற்றவைத்த இணைப்பு.
படத்தில் ஒரு நிழல்.
நகக்கீறல் அளவு. அல்லது
யாரோ பட்ட நகக்கீறலேதான்.

உருக்கு ஹொக்கைடோவில் வார்த்தது,
வரைபடம் லியோனிலிருந்து வந்தது,
டர்பைன் ஜெர்மானியருடையது,
கடன் எத்தனை வங்கிகளுடையதோ.
குளிர் மட்டும் எங்களுடையது.

முதல் ஒரு மணி நேரம் ஒரே சொல்லில் போயிற்று.
பிரெஞ்சில் அதற்கு இரண்டு சொற்கள்:
உலை மனிதனைத் தாக்காமலிருக்க ஒன்று,
மனிதன் உலையைத் தாக்காமலிருக்க ஒன்று.
எங்கள் மொழியில் இரண்டும் பாதுகாப்புதான்.
போகுமிவ் தன் உடைந்த ஃபின்னிஷில் சொன்னான்:
போலந்து மொழியில் அதைப் பிரித்துப் பார்த்தால்
'கவலையில்லாமை' என்று வருமாம்.
"அதனால்தான் அந்தச் சொல்லை நான் நம்புவதில்லை."

கெர்மாரெக் அம்மையார் நேராகக் கேட்டார்:
ஏற்கலாமா?
கேள்வியை ஜப்பானியத்தில் வைத்தேன்.
குசுமோத்தோ கண்ணாடியைக் கழற்றினார்,
துடைத்தார், மாட்டினார்,
பல்லிடுக்கில் மெல்ல மூச்சை உள்ளே இழுத்தார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

"ஆம் என்கிறார்," என்றேன்.

முத்திரை விழுந்தது. ஒளிப்பெட்டி அணைந்தது.

பேருந்து பாலத்தைக் கடக்கையில்
சப்போரோ ஞாபகம் வந்தது.
மூன்று குளிர்காலம் அங்கே வாடகைக்கு இருந்தேன்.
ஒருமுறை தவணை கேட்டபோது
வீட்டுக்காரர் இதே மூச்சைத்தான் இழுத்தார்.
மறுவாரம் அறையைக் காலி செய்தேன்.

அங்கே அது 'கஷ்டம்' என்பதன் முதல் பாதி.
மறுபாதியைக் கேட்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டும்.
நான் என் ஊரை எடுத்து நிரப்பியிருந்தேன்.
என் உத்தியோகத்தில் இரண்டே குற்றங்கள்:
சொன்னதை விடுவது, சொல்லாததைச் சேர்ப்பது.
ஒரே மூச்சில் இரண்டையும் செய்திருக்கிறேன்.

இரவு பதினொன்றரைக்கு விடுதிக்குப் போன் போட்டேன்.
"அப்படியானால் அவர் என்னதான் சொன்னார்?"
"ஒன்றும் சொல்லவில்லை. மூச்சிழுத்தார்."
"எப்படி?"
போனில் இழுத்துக் காட்டினேன்.
மறுமுனையில் மௌனம்.
அதையும் மொழிபெயர்க்க நாக்கு பரபரத்தது,
அடக்கிக்கொண்டேன்.

பதினொரு நாள் தாமதம்.
ஹென்னிங் என் முகம் பார்க்காமல் காபி குடித்தார்,
பதினொரு நாளும்.
போகுமிவ் தானே வந்து தன் இணைப்பை அறுத்தான்,
பிள்ளைக்கு முடி வெட்டுகிறவன்போல்,
காது எங்கே இருக்கிறதென்று பார்த்துப் பார்த்து.

உணவகத்தில் குசுமோத்தோ எதிரே வந்து அமர்ந்தார்.
மன்னிப்புக் கேட்டேன்.
உப்புக்குப்பியை என் பக்கம் நகர்த்தினார்.
அதற்கு என்ன பொருளென்று இன்றுவரை தெரியாது.
சால்மன் சூப்பில் உப்பு போதவில்லை என்பது உண்மை.

அறுத்த இடத்தில் என்ன இருந்தது?
கடுகளவு பொந்தா, வெறும் உருக்கா?
அறிக்கை ஜெர்மனில் வந்தது. எனக்கு ஜெர்மன் வராது.
கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

உலை இப்போது ஓடுகிறது.
ஞாயிறுதோறும் என் தங்கை போனில் பேசுவாள்:
பனி, பல் வைத்தியர், படகுக்குப் புது எஞ்சின்.
நடுவில் எங்கோ நான் 'யோ' என்று இழுக்கத் தொடங்கி
பாதியில் நிறுத்திவிடுகிறேன்.

"என்ன?" என்கிறாள்.
"ஆம் என்றேன்," என்கிறேன்,
மூச்சை வெளியே விட்டு.